தக்காளி என்கிற சிறுவகைப் பூசணி

தக்காளி எப்போது பழுக்க வேண்டும் என்பதைச் சமூக உழவர் சந்தையின் நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. சீசனின் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. முன்மொழிந்தவர் ஒரு பல் மருத்துவர். வழிமொழிந்தவர் ஒரு நடன ஆசிரியை. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. தக்காளிச் செடிகளின் சார்பில் கூட்டத்துக்கு யாரும் வந்திருக்கவில்லை.

சந்தை நடப்பது நூலகத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற இடத்தில். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு முடியும். வருஷத்தில் ஆறு மாதம். சுற்றுவட்டாரத்தில் காய்கறி பயிரிடுகிறவர்கள் கொண்டுவந்து வைக்க வேண்டும், ஊர்க்காரர்கள் பையோடு வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுதான் அதன் நோக்கம். ஆரம்பித்த முதல் வருஷமே அந்த நோக்கம் நிறைவேறிவிட்டதால் குழுவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வேலை இல்லாத குழு என்ன செய்யும்? 'சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தது. வாரத்துக்கு ஒரு சிறப்பு வீதம் ஆறு மாதத்துக்கும் பட்டியல் போட்டு, வழவழப்பான தாளில் நாட்காட்டி அச்சடித்து, கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு பிரதி அனுப்பியது.

தக்காளிக்காரருக்கு வந்த பிரதியை அவர் வரப்பில் உட்கார்ந்து படித்தார். அவருக்கு அப்பாவும் அம்மாவும் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் இருபது வருஷமாகத் தக்காளியைத் தவிர வேறு எதையும் அவர் சந்தைக்குக் கொண்டுபோனதில்லை என்பதால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

"இரண்டாவது சனிக்கிழமை, மாபெரும் தக்காளி விழா" என்று வாசித்துவிட்டு அவர் செடிகளைப் பார்த்தார். முழங்கால் உயரம் நின்றன. பூகூட வைக்கவில்லை.

"ஏங்க, முகம் ஏன் அப்படிப் போகுது?" என்று கேட்டாள் மனைவி. அவள் களைக்கொத்தோடு நான்காவது பாத்தியில் இருந்தாள்.

"அடுத்த வாரம் தக்காளி விழாவாம்."

"நம்ம செடிகளுக்குத் தகவல் சொல்லியாச்சா?"

அவர் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தை அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகம் என்பது நூலகத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை. நாற்காலிகளில் ஒன்றைச் சரிசெய்து அதில் சந்தை மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. யார் என்ன குறை சொன்னாலும் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்வார். குறித்து முடித்ததும், அந்தக் குறை தீர்ந்துவிட்டது போல அவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும்.

"சார், தக்காளி வர இன்னும் எட்டு வாரம் ஆகும்."

"எட்டு வாரம் தாமதம்" என்று அவர் குறித்துக்கொண்டார். "காரணம்?"

"தாமதம் இல்லைங்க. அது எப்பவுமே அப்போதான் பழுக்கும்."

"போன வருஷமும் அப்படித்தானா?"

"ஆமாங்க."

"வழக்கமான தாமதம்" என்று திருத்திக்கொண்டார்.

"விழாவைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியாதுங்களா?"

"பத்தாவது வாரத்துல பூசணிப் பருவம் ஆரம்பிக்குதே. நாட்காட்டி அச்சாயிடுச்சு."

"பூசணி அதுக்கும் ரெண்டு மாசம் கழிச்சுத்தானே சார் வரும்?"

"அதைப் பூசணிக்காரர் வந்து சொல்லட்டும். அடுத்தவர் விஷயத்துல நீங்க எதுக்குத் தலையிடுறீங்க?"

நியாயம்தானே என்று தக்காளிக்காரருக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. எழுந்து வந்துவிட்டார்.

தக்காளி விழா குறித்த நாளில், குறித்த நேரத்தில் நடந்தது. சிவப்பு பலூன்கள் கட்டினார்கள். சிவப்புச் சட்டை போட்டு வந்தவர்களுக்குச் சிவப்பு ரிப்பன் கொடுத்தார்கள். பல் மருத்துவர் துணியால் செய்த பெரிய தக்காளிக்குள் புகுந்துகொண்டு கையை ஆட்டினார். தக்காளியின் நற்பண்புகள் பற்றி மூன்று பேர் பேசினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் எங்கேயோ தொழிற்சாலையில் செய்த தக்காளி சாஸ் சிறு பொட்டலமாக வழங்கப்பட்டது. கடையை ஒரு வாரம் காலியாக விட்டால் எச்சரிக்கை, இரண்டு வாரம் விட்டால் இடமே பறிபோகும் என்பது விதி. அதனால் தக்காளிக்காரர் ஒரு தொட்டியில் நாற்று ஒன்றை வைத்துக்கொண்டு தன் மேசைக்குப் பின்னால் நின்றார். எல்லோரும் அந்த நாற்றோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மேற்பார்வையாளர் அன்று மாலையே அறிக்கை அனுப்பினார்: "விழா எதிர்பார்த்ததைவிடப் பெரும் வெற்றி. தக்காளி மட்டும் சற்றுக் குறைவாகக் காணப்பட்டது."

தக்காளி யாருக்கும் காத்திராமல், யாரையும் கேட்காமல், பத்தாவது வாரம் பழுத்தது. அதுவும் எப்படி? அந்த வருஷம் மழையும் வெயிலும் அளந்து கொடுத்தது போல வந்திருந்தன. கிளைக்குக் கிளை பாரம் தாங்காமல் சாய்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் விடிகாலையில் இறங்கிப் பன்னிரண்டு பெட்டி பறித்து, வாடகை வண்டியில் ஏற்றிச் சந்தை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் மேற்பார்வையாளர் நாட்காட்டியோடு நின்றிருந்தார்.

"இது என்ன?"

"தக்காளி சார்."

"தக்காளி விழா முடிஞ்சு எட்டு வாரம் ஆச்சே. இப்போ கொண்டு வந்தா இது பழைய சரக்குன்னு ஆயிடுமே."

"இப்போ பறிச்சது சார். காம்பைப் பாருங்க, பச்சை மாறல."

மேற்பார்வையாளர் குனிந்து காம்பைப் பார்த்தார். நேர்மையான மனிதர். "காம்பு பச்சையாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இப்போ நடக்கிறது பூசணிப் பருவம். பருவத்துக்கு ஒவ்வாத புதுச் சரக்கைப் பதிவு செய்ய எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்போ இவ்வளவையும் என்ன சார் பண்றது?"

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அடிப்பெட்டியில் நாலைந்து பழம் நசுங்கி, சாறு தரையில் கோடு போட்டுக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்த மேற்பார்வையாளருக்கு மனம் இளகிவிட்டது. பதிவுப் படிவத்தை எடுத்தார். "உங்களுக்கு எப்படியாவது உதவணும்னுதான் நினைக்கிறேன். நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வடிவம் உருண்டையா?"

"உருண்டைதான்."

"உள்ளே சதை உண்டா?"

"உண்டு."

"விதை?"

"அது இல்லாமலா?"

"நிறம், மஞ்சளிலிருந்து சிவப்பு வரை. சரிதானே?" அவர் நிமிர்ந்தார். முகத்தில் அந்த நிம்மதி. "எங்க விதிப்புத்தகத்துல பூசணிக்கு எழுதியிருக்கிற எல்லா லட்சணமும் பொருந்துது. அளவு ஒண்ணுதான் இடிக்குது. அதனால என்ன? 'சிறுவகை'ன்னு போட்டுக்கலாம்."

தக்காளிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"கையெழுத்தைப் போடுங்க" என்றாள் அவள். "இன்னும் அரை மணி நேரம் இங்கேயே நின்னா, சாறுன்னுதான் பதிவு பண்ண வேண்டியிருக்கும்."

அவர் கையெழுத்துப் போட்டார். மேசைக்கு மேல் தொங்கிய பலகையில் சாக்கட்டியால் 'சிறுவகைப் பூசணி' என்று மேற்பார்வையாளரே அழகாக எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம் பாதிப் பெட்டிகூட விற்கவில்லை. வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், பழத்தைப் பார்த்தார்கள், மறுபடி பலகையைப் படித்துவிட்டு அப்பால் போனார்கள். விற்காதது கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் நாட்காட்டிப்படி 'மாபெரும் பூசணி எடைப் போட்டி' இருந்தது. உண்மையான பூசணிக்காரரின் கொடியில் அப்போதுதான் பூ விட்டிருந்ததால், பூசணி விற்பனையாளர் என்று பதிவேட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் தன்னுடைய பழங்களிலேயே பெரியதாக ஒன்றைத் தராசில் வைத்தார். தராசு முள் அசையவில்லை. அது மூட்டை நிறுக்கிற தராசு.

அடுத்த சில நாளில் தபாலில் நோட்டீஸ் வந்தது. "தங்களால் விற்பனை செய்யப்படும் பூசணிகள், பூசணிக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச எடைக்கு மிகவும் கீழான நிலையில் உள்ளமை கண்டறியப்பட்டுள்ளது. தங்களுடைய கடையிடத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்."

தக்காளிக்காரர் அதை இரண்டு முறை படித்தார். அந்த மூன்றடி மேசைதான் அவர் குடும்பத்தின் ஆறு மாதச் சோறு. "நேரா போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றார் மனைவியிடம். "தக்காளின்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"சொல்லிப் பாருங்க" என்றாள் அவள்.

சொல்லிப் பார்த்தார். நூலகத்தின் படிப்பறையில் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் பல் மருத்துவர்.

"ஐயா, அது பூசணியே இல்லைங்க. தக்காளி."

பல் மருத்துவர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அப்போ பூசணின்னு பொய்யா எழுதிக் கொடுத்தோம்னு ஒத்துக்கிறீங்களா? அது எடைக் குறைவைவிடப் பெரிய குற்றமாச்சே."

தக்காளிக்காரர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் பென்சில் முனையைப் பார்த்தார்.

"அப்போ... பூசணிதாங்க" என்றார் தக்காளிக்காரர்.

"பூசணின்னா ஏன் எடை இல்லை?"

இந்த இடத்தில் விசாரணை நின்றுபோனது. கடைசியில் நடன ஆசிரியைதான் ஒரு வழி சொன்னார். இதற்கென்று ஒரு வல்லுநரை அழைத்துக் கருத்துக் கேட்கலாமே. பக்கத்து நகரத்திலிருந்து வேளாண் வல்லுநர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் பழத்தைக் கையில் உருட்டினார், முகர்ந்தார், ஒரு கடி கடித்தார்.

"தக்காளி" என்றார்.

"பதிவேட்டில் பூசணின்னு இருக்கு" என்றார் பல் மருத்துவர்.

"பதிவேட்டை நான் கடிக்கலையே."

"பதிவேட்டை மாத்தினா பத்தாவது வாரத்துலேர்ந்து கொடுத்த எல்லா அறிக்கையும் தப்புன்னு ஆயிடும். எடைப் போட்டியே செல்லாது. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

வல்லுநருக்கு ஐந்தரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அவர் யோசித்தார். "தக்காளிச் சுவை இருக்குன்னு மட்டும் எழுதித் தரேன். அதுக்கு மேல உங்க பாடு."

குழு அதை வரவேற்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. சம்பந்தப்பட்ட பொருள் 'தக்காளிச் சுவை உடைய சிறுவகைப் பூசணி' ஆகும். சிறுவகை என்பதால் எடை விதி அதற்குப் பொருந்தாது. இனிமேல் பலகையில் முழுப் பெயரையும் எழுத வேண்டும். கடையிடம் தப்பியது. தக்காளிக்காரர் வெளியே வந்து, நூலகக் குழாயில் முகம் கழுவி, சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

இதன்பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்று அவர் பக்கம் நிற்கிறவர்கள் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை பலகையில் நீளமான பெயரைப் பார்த்து நின்றவர்களில் ஒருத்தி தொப்பிக்காரம்மா. அகலமான தொப்பி வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் வருகிறவள். எல்லாக் கடையிலும் கேள்வி கேட்பாள், எதையும் வாங்க மாட்டாள். ஐந்து வருஷமாகத் தக்காளிக்காரரின் பழங்களை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனவள். அன்று ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அடடா! பூசணியில இப்படி ஒரு தக்காளி வாசனையா!"

"அம்மா, இது தக்காளிதாம்மா" என்றார் அவர், தாங்க முடியாமல்.

"என்ன ஒரு அடக்கம்!" என்று அவள் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள். "எத்தனை வருஷம் உழைச்சு இந்த ருசியைக் கொண்டு வந்திருப்பார். தக்காளிதான்னு சாதாரணமாச் சொல்றார், பாருங்க."

இரண்டு கிலோ வாங்கினாள். வாங்கினதைப் படம் பிடித்துப் போட்டாள். அடுத்த வாரம் எட்டு மணிக்கு முன்பே வரிசை நின்றது. அதற்கடுத்த வாரம் வரிசை நூலகத்தைச் சுற்றித் தெருமுனை வரை போனது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று சாப்பிட்டால் முடி கொட்டாது என்று யாரோ எழுதினார்கள். தக்காளி ஒத்துக்கொள்ளாதவர்கள்கூடத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று இன்னொருவர் எழுதினார். சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தவர்கள், உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். "தக்காளி வாங்கி எத்தனை நாளாச்சு!" என்று ஒருவரிடம் ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். விலையைத் தக்காளிக்காரர் ஏற்றவில்லை. வாங்குகிறவர்களே, இவ்வளவு மலிவாக இருந்தால் சந்தேகமாக இருக்கிறது என்று ஏற்றச் சொன்னார்கள்.

முதல் இரண்டு வாரம் அவருக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் பழகிவிட்டது. நாலாவது வாரம் குழு அவருக்கு ஒரு வைக்கோல் தொப்பி வாங்கிக் கொடுத்தது. ஐந்தாவது வாரம், 'சிறுவகைப் பூசணியை அறிவோம்' என்ற சிறப்பு வகுப்பை அவரே நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. இருபது வருஷத்தில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது நாற்பது பேர் நோட்டும் பேனாவுமாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று சொன்னார், எழுதிக்கொண்டார்கள். செடிக்குக் குச்சி எப்படி நட வேண்டும் என்று சொன்னார், அதையும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "இதுக்கும் தக்காளிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

தக்காளிக்காரர் தொப்பியைக் கழற்றி, மறுபடி வைத்துக்கொண்டார். "அது சொன்னாப் புரியாது" என்றார். "சாப்பிட்டாத்தான் தெரியும்."

பலத்த கைதட்டல்.

வீட்டில் மனைவி அடுப்படியில் நின்று, "அந்தப் பூசணியில ரெண்டு நறுக்கிக் கொடுங்க, குழம்பு தண்ணியா இருக்கு" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"குழம்புல எல்லாமா அதைப் போடுவாங்க?" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பீன்ஸ் பயிரிடுகிறவன். அதே சந்தையில் கடைசி வரிசையில் அவனுக்கும் ஒரு மேசை உண்டு. அந்த மாதம் பெய்த ஆலங்கட்டி மழையில் அவன் கொடி முழுக்க நார் நாராகிவிட்டது. ஒரு வாரம் கடை காலி, எச்சரிக்கையும் வந்துவிட்டது. இன்னொரு வாரம் காலியாக விட்டால் இடம் போய்விடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவைத் தேடி வந்தான்.

"மாமா எங்கே?"

"வகுப்பெடுக்கப் போயிருக்கார்."

"அக்கா, நாளைக்கு மேசையில வைக்க ஏதாவது கொடேன். எதுவா இருந்தாலும் சரி."

அவள் இரண்டு கூடையை எடுத்துக்கொண்டு மூன்றாவது பாத்தியில் இறங்கினாள். நல்ல பழமாகப் பார்த்துப் பறித்து நிரப்பிக் கொடுத்தாள். அந்த வாரம் இரண்டு பருவங்களுக்கு நடுவே வரும் இடைவெளி வாரம் என்பதால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நாட்காட்டியே சொல்லியிருந்தது. தம்பி மறுநாள் கூடையை மேசையில் வைத்து, தனக்குத் தெரிந்ததைப் பலகையில் எழுதினான்: 'தக்காளி.'

யாரும் வரவில்லை. தக்காளிக்காரரின் கடையில் ஒன்பது மணிக்கே சரக்குத் தீர்ந்து, கிடைக்காதவர்கள் நாற்பது பேர் வெறும் பையோடு நின்றார்கள். அவர்களில் சிலர் தம்பியின் மேசையைக் கடந்து போனார்கள். "இங்கே நல்ல தக்காளி இருக்குங்க, வாங்க" என்று அவன் கூப்பிட்டான்.

"நாங்க தக்காளியை விட்டுட்டோம்" என்றார்கள்.

தொப்பிக்காரம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம். தன் பையிலிருந்து ஒரு சிறுவகைப் பூசணியை எடுத்தாள். அவனுடைய கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்தாள். இரண்டையும் அவன் கத்தியால் நறுக்கி, ஒரே தட்டில் வைத்து, இதில் ஒரு வாய் அதில் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள்.

"குறை சொல்றேன்னு நினைக்காதே தம்பி" என்றாள் தக்காளியைக் காட்டி. "இதுல அந்தத் தக்காளி ருசி வரலையே."

சுற்றி நின்றவர்களும் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டு, ஆமாம் வரவில்லை என்றார்கள். சத்தம் கேட்டுத் தக்காளிக்காரர் வந்தார். மேசையில் தன் மச்சினனைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், கூடையில் இருந்ததன் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்தார். முகம் கறுத்தது.

"என்ன மாப்ளே இது?"

"தக்காளி மாமா."

"என் சரக்கு மாதிரியே இருக்கே. என் பூசணியைப் பார்த்துப் போலி பண்ற வேலையா?"

"மாமா, நான் என்ன பண்ணேன்? தக்காளின்னுதானே எழுதியிருக்கேன்?"

தக்காளிக்காரர் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். மென்றார். நாற்பது பேர் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனமார, உண்மையாக, நிதானமாக ருசி பார்த்தார். பிறகு ஓரமாகத் துப்பினார்.

"சப்புனு இருக்கு" என்றார்.

மேற்பார்வையாளர் பென்சிலோடு வந்துவிட்டார். புகார் எழுத்துமூலம் வேண்டும் என்றார். தக்காளிக்காரர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். பூசணியைப் போன்ற தோற்றம் உடைய தரமற்ற தக்காளியை விற்று மக்களை ஏமாற்றுதல். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"விளைஞ்ச இடம் எது?" என்று மேற்பார்வையாளர் அவனைக் கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள், காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"எழுதிக்கோங்க சார். இவர் தோட்டம், மூணாவது பாத்தி. நேத்து மத்தியானம் நான்தான் என் கையால பறிச்சுக் கொடுத்தேன். அதே பாத்தியில பறிச்சதுலதான் இன்னைக்கு ரெண்டு பெட்டி இவர் கடையில போச்சு. அந்தம்மா பையில இருக்கிறது, இந்தக் கூடையில இருக்கிறது, எல்லாம் ஒரே செடி, ஒரே தண்ணி, ஒரே காம்பு."

தொப்பிக்காரம்மா தன் பையைப் பார்த்தாள். மேற்பார்வையாளரின் பென்சில் காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. எல்லோரும் தக்காளிக்காரரையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவருக்கும் தெரியும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் வரிசையில் நின்ற நாற்பது பேரையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி தலையில் வைத்தார்.

"அப்படின்னா" என்றார், "அந்த மூணாவது பாத்தியிலதான் ஏதோ கோளாறு. பூசணிக்கு நடுவுல தக்காளி கலந்திருக்கு. பிடுங்கிடணும்."

"இப்படி ஒரு நேர்மையா!" என்றாள் தொப்பிக்காரம்மா. கைதட்டல் தொடங்கியது.

குழு சும்மா இருக்குமா? அடுத்த சனிக்கிழமையை 'தரப் பாதுகாப்பு நாள்' என்று அறிவித்து, நாட்காட்டியில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டும் அச்சடித்தது. அன்று சந்தையே தோட்டத்துக்கு வந்தது. மண் ஒட்டாத புதுக் காலணி போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு செடி என்று மூன்றாவது பாத்தியில் வரிசையாக நின்றார்கள். பல் மருத்துவர் முதல் செடியைப் பிடுங்கித் தொடங்கிவைத்தார். கையால் இழுத்தால் பொலபொலவென்று பழம் உதிர்ந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள். தக்காளிக்காரர் வேர் அறாமல் இழுப்பது எப்படி என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்தார்.

மனைவி தம்பியின் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கூடை. "கிளம்பலாமா அக்கா?" என்று அவன் கேட்டான். "இரு" என்றாள். எல்லாம் முடிகிறவரைக்கும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது.

பிடுங்கிய செடிகள் வரப்பில் மலையாகக் குவிந்தன. மேற்பார்வையாளர் அறிக்கையில் முதல் வரியை எழுத ஆரம்பித்து, நிறுத்தினார்.

"பிடுங்கினது என்னன்னு போடுறது?" என்று மெதுவாகக் கேட்டார். "பூசணின்னா, நல்ல பூசணியை ஏன் பிடுங்கினீங்கன்னு கேப்பாங்க. தக்காளின்னா, இந்தப் பாத்தியிலேர்ந்து உங்க கடையில போனதும் தக்காளிதானான்னு கேப்பாங்க."

தக்காளிக்காரர் குவியலைப் பார்த்தார். பழங்கள் வெயிலில் பளபளத்தன.

"களைன்னு போடுங்க" என்றார்.

மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார்.